கஞ்சி போடாத பதினாறு கஜம்

1935 பிப்ரவரி 11, திங்கள்

பள்ளிக்கூடத்துப் பௌதிக ரசாயன நோட்டில் பின்பக்கம் நாற்பது தாள் சும்மா கிடக்கிறது. எனக்கு இனி அந்தப் பாடம் கிடையாது. அதனால் இதில் எழுதுகிறேன்.

அண்ணன் தறியில் நான் உட்கார்ந்து இன்றோடு பதினைந்து நாள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அண்ணன் சீனிவாசன் விஷஜுரத்தில் போனான். காரியம் முடிந்ததும் ஹெட்மாஸ்டருக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்துவிட்டு நான் வந்து உட்கார்ந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. தறி காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்பா பேசுவதில்லை. யாராவது ஒன்று சொன்னால் செய்கிறார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார், படுக்கச் சொன்னால் படுக்கிறார். அம்மா பேசுகிறாள், ஆனால் பாத்திரங்களோடு. தங்கை கமலவேணிக்குப் பத்து வயசு. அவள்தான் இந்த வீட்டில் மனுஷி மாதிரி இருக்கிறாள்.

எனக்கு எப்படி இருக்கிறது? பல்டாக்டர் ஊசி போட்டால் உதடு மரத்துப் போகுமாமே, எங்கள் வாத்தியார் சொல்வார். அப்படி. உதடு இருக்கிறது. கடித்தால் தெரியாது.

பிப்ரவரி 12

நாலு கஜம் நெய்தேன். ரசம் சாதம்.

பிப்ரவரி 20, புதன்

காலையில் தெருவில் பாவு நீட்டி, தறியில் ஏற்றவேண்டிய இழைகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். பள்ளிகொண்டா பக்கமிருந்து சத்தம் வந்தது. நிமிர்ந்தால் ஏரோப்ளேன். அது தாழ, ரொம்பத் தாழ வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவன் தலை தெரிந்தது. தெருவே குந்திவிட்டது. குடியாத்தம் செங்குந்தர் தெருவில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் குந்தி நான் பார்த்ததில்லை. கமலவேணி என் காலைக் கட்டிக்கொண்டாள். அப்பா மட்டும் நின்றபடி பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்.

வயிற்றுக்குள் ஏதோ நழுவியது. பயமா, சந்தோஷமா? தெரியவில்லை. ஆனால் என்னவோ ஒன்று நடந்தது. ஐந்து வாரத்தில் முதல்தடவை.

இன்னொரு தடவை வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்

அமாவாசை. தறி ஓடாது. அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாலாற்று மணலில் சைக்கிள் என்னைச் சுமக்கவில்லை, நான்தான் அதைச் சுமந்தேன்.

பள்ளிகொண்டா தாண்டி ஒரு வறண்ட ஏரி. தரை பாளம் பாளமாக வெடித்துக் கல்லு மாதிரி கிடக்கிறது. அதில்தான் ஏரோப்ளேன் நிற்கிறது, மேலே ஓலைக் கொட்டகை. சொந்தக்காரர் லாரிமர் என்று ஒரு வெள்ளைக்காரக் கேப்டன். பெரிய சண்டையில் பறந்தவராம். ஏரியில் தண்ணீர் வரும்வரை இங்கே இருப்பார், வந்தால் வேறு ஊர். காசு கொடுப்பவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றுவார். ஒரே ஒரு பையனுக்கு ஓட்டக் கற்றுத் தருகிறார்.

இதையெல்லாம் சொன்னவர் ரத்தினசாமி. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் எஞ்சின் பார்த்தவர், இப்போது இங்கே மெக்கானிக்கு. "தொடாதே தம்பி. பாக்க மட்டும்தான்" என்றார். நான் தொடவில்லை. இறக்கைக்குக் கீழே குனிந்து பார்த்தேன்.

துணி! தகரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துணியை இழுத்துக் கட்டி, தைத்து, மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். வார்னிஷில் வாழைப்பழ வாடை. கண்ணாலேயே இழை எண்ணினேன். நல்ல நெருக்கம்.

மார்ச் 6

நேற்று எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 3, புதன்

அமாவாசை. மறுபடி ஏரி.

கற்றுக்கொள்கிற பையன் ஹபீப். ஆம்பூரில் அவன் வாப்பாவுக்கு இரண்டு தோல் ஷாப். மோட்டாரில் வந்து இறங்குகிறான். வயசு பத்தொன்பது. என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"இன்னா தோஸ்த், போன அமாவாசைக்கும் வந்தே, இன்னிக்கும் வந்துக்கிறே. அமாவாசைக்கு மட்டும் கிளம்புற பேயா நீ?"

நெசவாளி வீடு, அன்றுதான் லீவு என்றேன். பிறகு, கேட்க நினைத்து வந்ததைக் கேட்டேன். ஓட்டக் கற்றுக்கொள்ள என்ன செய்யவேண்டும்?

அவன் கேலி செய்யவில்லை. விரல் விட்டுச் சொன்னான். "பதினேழு வயசு ஆகணும். கண்ணு, காது, நெஞ்சு எல்லாம் சரியா இருக்குதுன்னு டாக்டர் காயிதம் வேணும். உங்கப்பா கையெழுத்து வேணும். லைசென்ஸ் மதராஸ்ல குடுப்பாங்க. இதெல்லாம் ஒண்ணும் பேஜார் இல்ல. ஏறிக் கத்துக்க ஒரு ஏரோப்ளேன் வேணுமே, அதான் பேஜாரு. ஏரோப்ளேன் வெச்சிருக்கிறவன் உன்னை ஏன் ஏத்தணும்?"

எனக்குப் பங்குனியில் பதினேழு முடிந்தது. கண், காது, நெஞ்சு மூன்றும் வேலை செய்கின்றன. நெஞ்சு மட்டும் கொஞ்சம் சந்தேகம்.

கேப்டனிடம் நானே போய் நின்றேன். பள்ளிக்கூட இங்கிலீஷில் கேட்டேன். உன்னிடம் என்ன இருக்கிறது என்றார். அவர் ஒரு மணி நேரத்துக்கு வாங்குவதை நாங்கள் ஒரு மாதம் நெய்தாலும் தரமுடியாது. "ஒன்றும் இல்லை" என்றேன். அவருக்குக் கோபமில்லை. "அப்படியானால் பார்த்துக்கொண்டிரு, அது இலவசம்" என்றார்.

ஹபீப் ஏறினான். நான் பார்த்தேன். அன்று தெருவில் வயிற்றுக்குள் நழுவியது இன்று நழுவவில்லை. தரையிலிருந்து பார்த்தால் ஒரு தடவைதான் போலிருக்கிறது.

ஏப்ரல் 13

வருஷப் பிறப்பு. எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை கிடையாது. அம்மா பழக்கத்தில் ஐந்து தட்டு எடுத்து வைத்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டு போய், சுத்தமாக இருந்ததையே கழுவினாள்.

மே 2, வியாழன்

அமாவாசை. ஓர் எருமையால் என் ஜாதகம் மாறியது.

நேற்று மத்தியானம் எவனோ மேய்க்க விட்ட எருமை கொட்டகைக்குள் புகுந்து, ஏரோப்ளேனின் இடது கீழ் இறக்கையில் முதுகு சொறிந்துகொண்டிருந்திருக்கிறது. விரட்டப் போனதும் மிரண்டு கொம்பை உள்ளே விட்டு ஒரு கிழி கிழித்திருக்கிறது. உள்ளே மரச்சட்டம் தப்பித்தது. துணி போயிற்று. மிச்சத் துணியும் வெயிலில் இற்றிருக்கிறது, இறக்கை முழுக்கத் துணி மாற்றவேண்டும் என்று ரத்தினசாமி சொன்னார். சீமையிலிருந்து துணி வர மூன்று மாதம். அதற்குள் ஏரியில் தண்ணீர் வந்துவிடும்.

நான் கிழிந்த துண்டைக் கேட்டு வாங்கினேன். இழை பிரித்தேன். "எங்கள் வீட்டில் இதை நெய்யலாம்" என்றேன். கேப்டன் என்னை இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

பேரம் இது: அறுபதாம் நம்பர் நூலில், இதே நெருக்கத்தில், பதினாறு கஜம் வெள்ளைத் துணி. அதற்குப் பதிலாக எனக்குப் பத்து மணி நேரம் பறக்கக் கற்றுத் தருவார். ஒரே ஒரு நிபந்தனை, அதை மூன்று தடவை சொன்னார், ரத்தினசாமியைவிட்டுத் தமிழிலும் சொல்ல வைத்தார். துணியில் கஞ்சி இருக்கக்கூடாது. கஞ்சி இருந்தால் வார்னிஷ் இழைக்குள் இறங்காது, மேலே ஆடை கட்டி நிற்கும். பார்க்க நன்றாக இருக்கும். காற்றின் வேகத்தில் உரிந்து வந்துவிடும்.

"உரிஞ்சா?" என்று ரத்தினசாமியைக் கேட்டேன்.

"உரிஞ்சா இன்னா, எறங்க வேண்டியதுதான். சீக்கிரமா."

மே 4, சனி

அப்பாவிடம் சொன்னேன். எதற்கு, யாருக்கு, எல்லாம் சொன்னேன். நான் ஓட்டக் கற்கப் போவதையும் சொன்னேன்.

"நெய்றேன்" என்றார். நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

மே 13, திங்கள்

அப்பாவும் நானும் மாறி மாறி நெய்கிறோம். கரை இல்லாத வெள்ளை நெய்வது எனக்கு இதுதான் முதல்தடவை. சிவப்பும் பச்சையும் கட்டம் கட்டமாக ஓடுகிற தறியில் வெறும் வெள்ளை ஏறிக்கொண்டே இருக்கிறது. முந்தாநாள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள் தறியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாடா இது, கரையே இல்ல? யாருக்கு?"

சொன்னேன். உள்ளே போய்விட்டாள். இரண்டு நாளாகத் தறிப்பக்கம் வருவதில்லை. தண்ணீரைக் கமலவேணி கொண்டுவருகிறாள்.

மே 25, சனி

பதினாறு கஜம் அறுத்தாயிற்று. பாவுக்குப் போட்ட கஞ்சி போகவேண்டும். அப்பாவும் நானும் சுடுதண்ணீரில் ஊறவைத்து மூன்று தடவை அலசினோம். புதுத்துணியைத் தண்ணீரில் நனைப்பது எங்கள் தெருவில் மானக்கேடு. நனைத்த துணி பழந்துணி, அதை யாரும் விற்கமாட்டார்கள். எதிர்வீட்டு ஆள் வாசலில் நின்று, "இன்னா பரந்தாமன், வண்ணான் வேலையும் ஆரமிச்சிட்டீங்களா?" என்றார். அப்பா பிழிந்துகொண்டே இருந்தார்.

காய்ந்ததும் துணி சவசவ என்று தொங்கியது. மடித்தால் மடிப்பு நிற்கவில்லை. சரியாக இருக்கிறது.

ஜூன் 1, சனி

அமாவாசை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடியற்காலை எழுந்து, ஒரு வாரமாக முற்றத்துக் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனேன். கொடியில் அது விறைப்பாக நின்றது. நேற்றுச் சாயங்காலம் அப்பாவும் நானும் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனபோது அம்மா கஞ்சி போட்டிருக்கிறாள். மெல்லிய கஞ்சி, கட்டி இல்லாமல், சீராக. ஒரு முனையில் மஞ்சள். இந்த வீட்டைவிட்டு வெளியே போகிற எல்லாத் துணிக்கும் அவள் செய்வதுதான்.

நான் விரலால் தேய்த்துப் பார்த்தேன். தூள் வந்தது.

மறுபடி அலசிக் காயவைக்க ஒரு முழு வெயில் வேண்டும். அமாவாசை போய்விடும். அடுத்தது ஒரு மாதம் கழித்து. நான் நின்று யோசித்தேன் என்று எழுத ஆசை. யோசிக்கவில்லை. மஞ்சள் முனையை மட்டும் கத்தரித்தேன். அப்பா தொட்டுப் பார்ப்பதற்குள் துணியைப் பாயில் சுருட்டி சைக்கிளில் கட்டினேன்.

கேப்டன் வார்னிஷ் வாங்க மதராஸ் போயிருந்தார். ரத்தினசாமி பிரித்துப் பார்த்தார். "மொறமொறன்னு ஷோக்கா இருக்குதே. அலசியாச்சு இல்ல?"

"மூணு தடவை."

பொய் இல்லை.

ஜூன் 2

ஆறு கஜம். ஒன்றும் தோன்றவில்லை.

ஜூன் 17, திங்கள்

ஹபீப் குடியாத்தம் சந்தைக்கு வந்தவன் எங்கள் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தி ஹாரன் அடித்தான். தெருப் பிள்ளைகளுக்குத் திருவிழா. இறக்கை தைத்து வார்னிஷ் அடித்தாயிற்றாம், மேளம் மாதிரி இறுகி நிற்கிறதாம். அமாவாசைக்கு முதல் பறப்பு.

"கேப்டன்கிட்ட ஒரு வழக்கம் இருக்குது. ரிப்பேர் பண்ணா, பண்ணவன்தான் மொதல்ல கூட ஏறணும். அப்பதான் வேலை சுத்தமா நடக்குமாம். போன வாட்டி ரத்தினசாமி ஏறுனாரு. இந்த வாட்டி நீதான், தோஸ்த்!"

அவன் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

ஆக, நான் ஏறவேண்டும். சரி. ஏறுவேன். உரிந்தால் உரியட்டும். இதை எழுதும்போது கை நடுங்கவில்லை. நடுங்காதது நல்லதில்லை என்று தெரிகிறது, ஆனால் தெரிவதோடு சரி. கேப்டனும் கூட இருப்பார் என்பது நினைவுக்கு வந்தது. அதுவும் அப்படியே போய்விட்டது.

ஜூன் 30, ஞாயிறு

அமாவாசை. இன்று என்னவென்று எழுதுவது, வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் சைக்கிளை எடுத்தேன். அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தார். நான் கூப்பிடவில்லை. "இறக்கையைப் பார்க்கணும்" என்றார். ஐந்து மாதத்தில் அவராகச் சொன்ன முதல் வாக்கியம். நான் பெடலை மிதித்தேன்.

ஏரியில் கேப்டன், ஹபீப், ரத்தினசாமி. அப்பா இறக்கைக்கு அருகே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். வார்னிஷ் பளபளத்தது. கேப்டன் அப்பா கையைப் பார்த்துவிட்டு, நெய்தது இவர்தானா என்று கேட்டார். ஆமாம் என்றான் ஹபீப். அப்படியானால் முதல் ஆள் இவர்தான், பையன் அப்புறம் என்றார் கேப்டன்.

ரத்தினசாமி சொன்னார்: "பெரியவரே, ஏறுங்க." அப்பாவிடம் யார் எதைச் சொன்னாலும் செய்துவிடுவார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஏறினார். ஹபீப் தன் தோல் குல்லாயை அவர் தலையில் மாட்டி, வாரைக் கட்டினான். குல்லாய்க்குள் அவர் முகம் சின்னதாக இருந்தது. என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் கையை லேசாகத் தூக்கினார், ரயிலில் போகிறவர்கள் தூக்குவார்களே, அந்த மாதிரி.

கேப்டனும் ஏறி உட்கார்ந்தார். ரத்தினசாமி முன்னால் போய், எஞ்சினைக் கிளப்ப மூக்கில் இருக்கிற பங்காவைச் சுற்றக் கை வைத்தார்.

நான் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தேன். "வேணாம் — எங்கப்பாவ எறக்குங்க — கஞ்சி இருக்குது — துணியில கஞ்சி இருக்குதுண்ணே — எறக்குங்க, அப்பாவ எறக்குங்க —" இதையே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஹபீப் என்னை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

கேப்டன் இறங்கினார். பேனாக்கத்தியால் இறக்கையின் அடிப்பக்கம் ஓர் இடத்தில் கீறி வார்னிஷை இழுத்தார். பால் ஆடை மாதிரி வந்தது. மருந்துப் பெட்டியிலிருந்து டிஞ்சர் அயோடினைக் கொண்டுவரச் சொல்லி ஒரு சொட்டு விட்டார். துணி கருநீலமாயிற்று. கஞ்சி இருந்தால் நீலமாகும் என்பது இந்த நோட்டின் முன்பக்கத்திலேயே என் கையெழுத்தில் இருக்கிறது.

உனக்கு எப்போதிருந்து தெரியும் என்றார். ஜூன் ஒன்றாம் தேதி என்றேன். நீயும் நானும் ஏறுவதாக இருந்தபோது சொல்லவில்லை, இல்லையா என்றார். இல்லை என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தியை மடித்துப் பையில் போட்டார். "போ" என்றார். என்னைத் திட்டித் தீர்த்திருந்தால் தேவலை. ரத்தினசாமியிடம், எல்லாத் துணியையும் உரித்துவிடு என்றார். ரத்தினசாமி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

திரும்பும்போது பாலாற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். நடு ஆற்றில் அப்பா நின்றார்.

"நான் வராம இருந்தா, நீ ஏறியிருப்பியா?"

"ஏறியிருப்பேன்."

ஓங்கி ஓர் அறை விட்டார். காது ஙொய் என்றது. அவர் என்னை அடித்ததே கிடையாது. பிறகு சைக்கிளை என் கையிலிருந்து வாங்கி அவரே தள்ளிக்கொண்டு போனார்.

கன்னம் இன்னும் எரிகிறது.

ஜூலை 1

எரிகிறது. மூன்று கஜம்.

ஜூலை 5, வெள்ளி

நான் கமலவேணியிடம் சொன்னதை அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"நான் போட்ட கஞ்சியாலயாடா?"

"ஆமாம்மா. ஆனா நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் எடுத்துக்கினு போனேன்."

விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "கரையில்லாம, சவசவன்னு, வெள்ளையா… அவன் மேல போத்துனாங்களே, அது மாதிரியே இருந்துச்சுடா. கொடியில பாக்க முடியல. கஞ்சி போட்டு மடிச்சா, யாரோ கட்டிக்கப் போற துணி மாதிரி ஆகும்னு போட்டேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் பேச்சை இந்த வீட்டில் எடுத்தது இதுதான் முதல்தடவை. அவனுக்கு ஜுரம் ஏறிய ராத்திரி அவன் கேட்டது ஊறுகாய், கொடுக்காமல் விட்டேனே என்றாள்.  

ஜூலை 8, திங்கள்

காலையில் அப்பா கரையும் கட்டமும் இல்லாத பாவை, அதே அறுபதாம் நம்பரை, தறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்றேன்.

"எடுத்த வேலை. கெட்ட துணியைக் கொடுத்துட்டு உக்காந்துக்கினு இருக்க முடியுமா?"

இதற்குப் பறப்பு கிடையாது, கேப்டன் போகச் சொல்லிவிட்டார் என்றேன். அந்த வெள்ளைக்காரன் பறப்பு எனக்கெதுக்கு என்றார்.

ஜூலை 22, திங்கள்

பதினாறு கஜம். இந்த முறை அலசினது அம்மா. "எத்தினி வாட்டி?" என்று கேட்டாள். மூன்று என்றேன். ஐந்து தடவை அலசினாள். கடைசித் தடவை தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாள். கொடியில் போட்டுவிட்டுக் காயும்வரை முற்றத்திலேயே, அதற்கு எதிரே, உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு ஆள் இன்று ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

ஆடி அமாவாசை. பாலாற்றில் ஊற்றுத் தோண்டி ஜனங்கள் முழுகிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் நானும் துணியோடு ஏரிக்குப் போனோம். போவதற்குள் எனக்கு இரண்டு தடவை திரும்பிவிடத் தோன்றியது.

 கேப்டன் அயோடின் சீசாவை எடுத்துவந்து நடுவில், முனையில், மடிப்பில் ஒவ்வொரு சொட்டு விட்டார். மூன்றும் பழுப்பாகவே நின்றன. துணியை ரத்தினசாமியிடம் கொடுத்தார். பிறகு அப்பாவுக்குக் கை கொடுத்தார். அப்பா கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

கேப்டன் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "காலம் தாழ்த்திச் சொன்னாய். அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் பங்கா சுற்றுவதற்கு முன்னால் சொன்னாய். அதையும் மறக்கமாட்டேன்."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மூன்று நாளாக மழை. ஏரியின் மேற்கு மூலையில் தண்ணீர் நிற்கிறதாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அமாவாசை இல்லை, வேலை நாள். பத்து மணிக்கு ஹபீபின் மோட்டார் வாசலில் நின்றது. "கேப்டன் நாளைக்கு பெங்களூர் கிளம்புறாரு. இனிமே இங்க எறங்கத் தரையில்ல. உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு, சீக்கிரம்!"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தறியைவிட்டுத் தலையைத் தூக்காமல், "போய்ட்டு வா" என்றார்.

இடது இறக்கை மற்றதைவிட வெளுப்பாக இருந்தது. முதல் பறப்பில் போன வாரமே ரத்தினசாமி ஏறி, எங்கள் துணி திண்ணை மாதிரி அசையாமல் நின்றது என்று சொன்னாராம். இன்று முன் இருக்கையில் நான். கேப்டன் பின்னால். பிடிக்க வேண்டியது ஒரு குச்சி, மிதிக்க வேண்டியது ஒரு கட்டை. தறிக்காரனுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

தரை நழுவிக் கீழே போனது. பாலாறு ஒரு மஞ்சள் துண்டாகக் கிடந்தது. கேப்டன் பேசும் குழாய் வழியாக "பிடி" என்று கத்தினார். பிடித்தேன். மூக்கு மேலே போனது, கீழே போனது, பிறகு என் கைக்கு அடங்கியது. மூன்று நிமிஷம் இருக்கும், நான்தான் ஓட்டினேன். கைக்குத் தெரிந்தது. மற்றபடி எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சரி, இதுவும் இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பிறகு கேப்டன் வாங்கிக்கொண்டு குடியாத்தம் பக்கம் திருப்பினார். எங்கள் தெருவின் மேலே தாழ வந்தோம். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள். நான் எங்கள் வீட்டைத் தேடிப் பிடித்தேன். வாசலில் மூன்று பேர் அண்ணாந்து நின்றார்கள். அப்பா, அம்மா, கமலவேணி. மூன்றே மூன்று பேர்.

இந்த வீட்டில் இவ்வளவு பேர்தானா என்று தோன்றியது. நான் இப்போது விழுந்தால் அப்புறம் அங்கே இவ்வளவு பேர்தான்.

பயம் வந்துவிட்டது.  இடது இறக்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன், எங்கேயாவது தூக்குகிறதா, எங்கேயாவது பிரிகிறதா என்று. அம்மா ஐந்து தடவை அலசினாள், ஐந்து தடவை அலசினாள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பிழைக்கவேண்டும் என்று இருந்தது. வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன், அவ்வளவு ஆசையாக இருந்தது.

 இறங்கியதும் ஹபீப் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னா தோஸ்த், வெளுத்துப் போய்ட்டே!" என்றான். ரத்தினசாமி வைத்திருந்த கட்டுச்சோற்றை முழுக்க நான் தின்றுவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்று இருபத்தைந்து நிமிஷம்தான் ஆயிற்று, மீதியைப் பெங்களூருக்கு வந்து எடுத்துக்கொள் என்றார் கேப்டன். வருகிறாயா என்று கேட்டார்.

அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 21, புதன்

காலையில் ஏரோப்ளேன் மேற்கே போனது. சத்தம் கேட்டதும் எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். நான் தறியைவிட்டு எழவில்லை. அப்பாவும் எழவில்லை. தெருச் சத்தம் அடங்கியதும் கேட்டேன்.

"அப்பா, அடுத்த அமாவாசைலேருந்து மாசாமாசம் ரயில்ல பெங்களூர் போகட்டுமா? மீதி கத்துக்கணும். நீங்க ஒரு காயிதத்துல கையெழுத்துப் போடணும்."

அவர் தறியை நிறுத்தினார். அறுந்த இழை எதுவும் இல்லை, சும்மாதான் நிறுத்தினார்.

"திரும்பி வருவியா?"

"வர்றேன்பா."

அது போதாது என்று தோன்றியது. "அன்னிக்கு ராத்திரியே அங்கேருந்து புறப்பட்டு மறுநாள் காலம்பற ரயில்ல வந்துடுறேன்" என்றேன்.

அப்பா தறியின் மிதிமேல் காலை வைத்தார். பிறகு, திரும்பி வருகிற அந்த ரயில் நம் ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்.